விஜி, கயலை உன்கிட்ட விட்டுட்டுப் போகட்டுமா?

சூலூர்,
23.11.2025

அடியே விஜி,

நீ போன் பண்ணினப்ப எல்லாம் நான் எடுக்காததுக்குக் கோபம் காரணமில்ல. பேச ஆரம்பிச்சா ஒண்ணு கேட்டுடுவேன், கேக்கும்போது கயல் பக்கத்துல நிப்பா. அதான் எழுதறேன். இந்தக் காலத்துல எவ கடுதாசி எழுதறான்னு இளிக்காத. 56 ஏ.பி.ஓ.ன்னு அப்பாங்களோட பட்டாளத்து விலாசம் எழுதி எழுதியே கையெழுத்துப் பழகினவளுங்க நாம.

மத்த சேதியை முதல்ல முடிச்சுடறேன். எங்கம்மாவை நீ தினம் பாக்கறவ, அதைப்பத்தி நான் உனக்கு எழுத ஒண்ணுமில்ல. அண்ணனுக்குச் சர்க்கரை குறைஞ்சுதா? ரகு பொண்ணு போட்டோவைப் பாத்தேன். மூக்கு அப்படியே உங்க ஆயா மூக்கு, பாவம் கொழந்த. நீ குடுத்தனுப்பின வடகத்துல உப்பு ஜாஸ்தி. தின்னு தீத்துட்டுத்தான் சொல்றேன்.

இப்ப விஷயம். இவருக்குப் போஸ்டிங் வந்துடுச்சு. சாபுவா. அஸ்ஸாம்ல திப்ரூகர் பக்கம், சுத்தி டீத்தோட்டம். சேதி சொன்ன கையோட இவரு சொன்னது, "ஒரே ரயில், நடுவுல மாறவே வேணாம்." கன்னியாகுமரியிலருந்து திப்ரூகர் போற விவேக் எக்ஸ்பிரஸ் கோயம்புத்தூர் வழியாத்தான் போகுது. நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். அதுல மனுஷனுக்கு ஒரு பெருமை! காலாட்படைக்காரன் பொண்ணை ஏர்ஃபோர்ஸ்காரனுக்குக் குடுத்தா இப்படித்தான் இருக்கும்னு எங்கப்பா இருந்திருந்தா சொல்லியிருப்பாரு.

கயலுக்குப் பிப்ரவரியில பத்தாவது பரீட்சை. அது முடியற வரைக்கும் குவார்ட்டர்ஸை வெச்சுக்கலாம், பிள்ளை படிப்புன்னு எழுதிக் குடுத்தா விடுவாங்க. அதுல கவலை இல்ல. போன வாரம் ட்ரங்குப் பெட்டிங்களை இறக்கி, பேரு அழிஞ்ச இடத்துல வெள்ளை பெயிண்ட் தொட்டு எழுதிட்டிருந்தேன். இவ வந்து பெட்டி மேலயே உக்காந்துட்டா. "அம்மா, நான் வரல. ப்ளஸ் ஒன் வேலூர்ல படிக்கிறேன். ஆயா வீட்ல இருந்துக்கறேன். எனக்கு ஒரே ஊரு போதும்." அழல, கத்தல. கேன்டீன்ல சோப்பு கேக்கற மாதிரி கேக்கறாடி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. பொறந்தது ஜோத்பூர். அப்புறம் ஆக்ரா, புஜ், புனே. எந்த ஊர்லயும் இவ அடம் புடிச்சதில்ல. "எங்க பொண்ணு எங்க போனாலும் ஒட்டிக்கும்"னு நான் லேடீஸ் மீட்டிங்ல பீத்திக்குவேன். சூலூர் வந்தப்புறம்தான் பஸ் போர்டைப் பாத்து உக்கடம், காந்திபுரம்னு எழுத்துக் கூட்டித் தமிழே படிச்சா. அந்தப் பொண்ணுக்கு இப்ப ஊரு வேணுமாம்.

இதுல பாதி உன் வேலைதான். போன வைகாசியில குடியாத்தம் சிரசு திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போனல்ல? அந்தக் கூட்டத்துல எவனோ ஒரு தாத்தா இவளைப் பாத்து, "ஏம்மா, நீ சுபேதார் பேத்திதான?"ன்னு கேட்டாராம். அன்னிலருந்து அதையேதான் சொல்லிட்டிருக்கா. பேரைச் சொல்லாம, ஐ.டி. கார்டு காட்டாம, ஒருத்தருக்கு நம்மளைத் தெரிஞ்சிருக்குன்னு அவளுக்கு ஆச்சரியம். அம்மன் சிரசைப் பத்திக் கேட்டா ஒண்ணும் தெரியல, அந்தத் தாத்தா சட்டை கலர் வரைக்கும் ஞாபகம் வெச்சிருக்கா.

"நாங்கல்லாம் மாறலையா, நாங்க நல்லா வளரலையா"ன்னுதான் வாய் வந்துச்சு. வந்ததை முழுங்கிட்டேன். ராத்திரி படுத்துட்டு யோசிச்சா, நாம மாறினது வேற, இவ மாறறது வேற விஜி. நாம எங்க தனியாப் போனோம்? பட்டாலியன் நகர்ந்தா குடும்பங்க இருக்கற லைனே சேந்துல்ல நகரும்! அட்வான்ஸ் பார்ட்டி முன்னாடி போய் குவார்ட்டர்ஸ் புடிச்சு வெச்சிருக்கும், பின்னாடி ஸ்பெஷல் ரயில்ல பெட்டி படுக்கை, அடுப்பு, சைக்கிள், பட்டாலியன் பெரிய அதிகாரி அந்த சி.ஓ. வீட்டு நாய், எல்லாம். பபீனாவுல ஏறின அதே மூஞ்சிங்கதான் செகந்திராபாத்துல இறங்குச்சு. பக்கத்து வீட்டுல மலையாளம், எதிர் வீட்டுல தெலுங்கு, பின்னாடி கன்னடம். மதராஸ் ரெஜிமென்ட்டுல இருந்த வரைக்கும் எந்தப் பாலைவனத்துலயும் சாம்பார் வாசனை வரும். காலைல ஷக்திமான் லாரி பின்னாடி ஏறினா பள்ளிக்கூடம் வரைக்கும் உன் முட்டி என் முட்டியில இடிக்கும். பள்ளிக்கூடமும் அதே பள்ளிக்கூடம்தான். நம்ம மாதிரி மாறிக்கிட்டே இருக்கற பிள்ளைங்களுக்குன்னுதான 1963ல ரெஜிமென்ட் பள்ளிக்கூடங்களை எடுத்து கேந்திரிய வித்யாலயாவா ஆக்கினாங்க? எந்த மூலைக்குப் போனாலும் அதே பாடம், அதே அசதோமா சத்கமய பிரேயர், அதே சிவாஜி, டாகூர், அசோகா, ராமன் ஹவுஸ். பாதி வருஷத்துல ஊர் மாறினாலும் பாடம் விட்ட பக்கத்துலருந்து தொடரும். (டாகூர் ஹவுஸ் கோ-கோவுல நீ விழுந்ததை நான் இன்னும் யாருக்கும் சொல்லல. சொல்லாம இருக்கறதுக்கு விலை உண்டு.)

ஏர்ஃபோர்ஸ்ல அப்படி இல்ல. ஆளுக்கு ஆள் தனித்தனி போஸ்டிங். ஒவ்வொரு தடவையும் இவ மட்டும் இறங்கறா, இவ மட்டும் கிளாஸ் வாசல்ல நிக்கறா. புஜ்ல உயிரா இருந்த பொண்ணு இப்ப சண்டிகர்ல, புனே ஃப்ரெண்டு பாக்டோக்ராவுல. எல்லாரும் போன்லதான். எனக்கு ஒரு லைன் முழுக்க சாட்சி இருந்துச்சு, இவளுக்கு நானும் இவரும் மட்டும்தான். இது எனக்கு இத்தனை வருஷமா தோணவே இல்லடி, பெட்டி மேல அவ உக்காந்தப்பதான் தோணுச்சு.

சரி, விட்டுட்டுப் போயிடலாம்னு அரை மனசா ஒத்துக்கிட்டேன்னு வை. அங்கதான் நீ வர்ற.

1987. செகந்திராபாத்துலருந்து 54-வது டிவிஷன் அமைதிப்படையா இலங்கைக்குக் கிளம்பினப்ப நம்ம அப்பாங்களும் போனாங்க. உங்கம்மா உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வேலூர் பக்கம் கம்மவான்பேட்டைக்கு வந்துட்டாங்க. எங்கம்மா குவார்ட்டர்ஸ்லயே இருந்துட்டாங்க. அப்ப உன் மேல எனக்கு எவ்ளோ பொறாமை தெரியுமா? மயானக்கொள்ளையில காளி வேஷம் பாத்தேன், மாமா வீட்டு நெலத்துல வேர்க்கடலை புடுங்கினேன்னு நீ இன்லேண்ட்ல எழுதுவ. எனக்கு எழுத ஒண்ணும் இருக்காது. ஜீப்பைப் பத்தி எழுதக்கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க.

உனக்கு அந்த ஜீப்பு தெரியாது. சாயங்காலம் ஃபேமிலி லைனுக்குள்ள ஆபீஸ் ஜீப்பு நுழைஞ்சா பொம்பளைங்க எல்லாம் வாசப்படியில வந்து நிப்பாங்க. யாரும் பேச மாட்டாங்க. அது எந்தப் பிளாக் பக்கம் திரும்புதுன்னு பாப்பாங்க. நம்ம பிளாக்கைத் தாண்டிப் போனா எங்கம்மா உள்ள போய் அடுப்பைப் பத்த வெப்பாங்க, கை நடுங்கும். சில நாள்ல அந்த வீட்டுப் பிள்ளை கிளாஸ்ல இருக்காது. பெட்டியெல்லாம் ஏத்தி ஊருக்கு அனுப்பிடுவாங்க. டீச்சர் அட்டெண்டன்ஸ்ல ஒரு பேரைத் தாண்டி அடுத்த பேரைப் படிப்பாங்க. அந்தப் போர்ல ஆயிரத்துக்கும் மேல நம்ம சிப்பாய்ங்க செத்தாங்கன்னு பின்னாடி படிச்சப்ப எனக்கு அந்த அட்டெண்டன்ஸ்தான் ஞாபகம் வந்துச்சு.

அதனால நான் ஒரு கணக்கு போட்டு வெச்சிருந்தேன். நான் ஜீப்பைப் பாத்தேன், நீ திருவிழா பாத்த. உனக்குத்தான் கொடுத்து வெச்சிருந்துச்சு. ரகு கல்யாணத்தன்னிக்கு, பாத்திரம் கழுவற தொட்டிகிட்ட நின்னுட்டு நீ ஒரு வரி சொன்னியே, அதுவரைக்கும் இந்தக் கணக்கு அப்படியேதான் இருந்துச்சு. "டவுன் ஸ்கூல்ல ஒருத்தி கேட்டா, உங்கப்பன் அங்க தமிழங்களைச் சுடத்தான போயிருக்கான்னு." சொல்லிட்டு உடனே அப்பளம் எங்கன்னு கேட்டு உள்ள போயிட்ட. நானும் அதுக்கப்புறம் கேக்கல.

ஊருக்குள்ள யாரும் கேட்டிருக்க மாட்டாங்க, வீட்டுக்கு வீடு பட்டாளத்தான். ஆனா டவுன்ல அன்னிக்கு இருந்த கொதிப்பு வேற. 1990 மார்ச்சுல கடைசியா வந்தவங்க மெட்ராஸ்ல கப்பல்லருந்து இறங்கினப்ப முதலமைச்சரே வரவேற்கப் போகலன்னா பாத்துக்கோ. செகந்திராபாத்துல என்னை ஒரு ஆள் அப்படிக் கேக்கல. அங்க எல்லாப் பிள்ளைங்க அப்பாவும் ஒரே இடத்துலதான இருந்தாங்க. தமிழ் பேசற சிப்பாய்ங்கிறதால மொழிபெயர்க்கறதுக்கு எங்கப்பாவை முன்னாடி நிறுத்துவாங்களாம். யார்கிட்ட என்ன கேட்டு, என்ன பதில் வந்துச்சுன்னு கடைசி வரைக்கும் அவரு வாய் திறக்கல. உங்கப்பா ஏதாவது சொன்னாரா? நீ அவர்கிட்ட அந்தப் பொண்ணு கேட்டதைக் கேட்டியா? இல்ல, உங்க ஆயாகிட்டயாவது சொன்னியா?

நான் கேக்க வந்தது இதுதான். பழசைக் கிளறணும்னு இல்ல. கயல் கேக்கற "ஒரே ஊரு"க்குள்ள நீ வளந்திருக்க, நான் வளரல. நம்மளைத் தெரிஞ்ச ஊர்ல ஒண்ணு நடந்தா மூணு வருஷத்துல பெட்டி கட்டிட்டுக் கிளம்ப முடியாதே. நாளைக்கு இவரு இருக்கற எல்லையில ஏதாவது ஆச்சுன்னா இவ அங்க டிவி முன்னாடி தனியா உக்காந்திருப்பா, சுத்தி எல்லாரும் கருத்துச் சொல்லிட்டிருப்பாங்க. உனக்கு அப்ப அம்மாவாவது கூட இருந்தாங்க. எங்கம்மாவுக்கு மாடிப்படி ஏறவே முடியல. பேத்தி வர்றான்னதும் "விட்டுட்டுப் போ, நான் பாத்துக்கறேன்"னு துள்ளறாங்க, அது வேற.

இன்னொரு பக்கம், சாபுவாவுக்கு இழுத்துட்டுப் போனா மறுபடியும் கிளாஸ் வாசல். இவரைக் கேட்டா, "நான் ஏர்ஃபோர்ஸ் சொல்றதைக் கேக்கறவன், என்னைக் கேக்காத"ங்கறாரு. அவளை இங்கயே ஒரு ஹாஸ்டல்ல போடலாம்னு ஒரு யோசனையும் சொன்னாரு. அன்னிக்கு ராத்திரி அவருக்குச் சப்பாத்தி கருகித்தான் வந்துச்சு.

பொங்கலுக்கு நாலு நாள் கயலைக் கூட்டிட்டு வர்றேன். ஒரு நாள் அவளை உன்கூட விடறேன், நான் அம்மாகூட இருந்துக்கறேன். நீ அவகிட்ட நல்லதா மட்டும் பேசி ஆசை காட்டாத. பயமுறுத்தியும் அனுப்பாத. அந்த டவுன் ஸ்கூல் சமாச்சாரத்தைச் சொல்லணும்னு தோணினா சொல்லு, அவளுக்குக் கேக்கற வயசுதான். எனக்கு முதல்ல எழுதிச் சொல்லணும்னு தோணினாலும் சரி. போன்ல மட்டும் வேணாம்.

அவ களி சாப்பிட மாட்டா, இப்பவே சொல்லிட்டேன். ரயில் டிக்கெட்டு அறுபது நாளுக்கு முன்னாடிதான் திறக்குது. ஏப்ரலுக்குப் போகணும்னா பிப்ரவரியிலயே போடணும். ரெண்டா மூணான்னு இவரு தினம் கேக்கறாரு. விவேக் எக்ஸ்பிரஸ் காட்பாடியில நிக்கும், அதனால எதுவா இருந்தாலும் உன்னை ஸ்டேஷனுக்கு வரவெச்சுச் சோறு கட்டி வாங்கிக்கத்தான் போறேன். புளியோதரை. உப்பு பாத்துப் போடு.

உன்
சாந்தி