காசு கொடுத்துத் தரையில் படுப்பது ஏன்?

டொராண்டோ,
ஆகஸ்ட் கடைசி வாரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கால் வலி தேவலையா? குறுவையில் கதிர் வந்துவிட்டதா?

"நல்ல வீட்டை விட்டுட்டு, காசு கொடுத்து யாராவது காட்டுல தரையில படுப்பாங்களா?" என்று போனில் கேட்டீர்கள். பக்கத்தில் அம்மா சிரித்ததும் காதில் விழுந்தது. போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

டென்ட் போட்டுத் தங்க நாங்கள் போனது அல்கொன்குவின் பூங்காவுக்கு. இங்கிருந்து வடக்கே காரில் 3 மணி நேரம். பூங்கா என்றதும் ராஜப்பா பூங்காவை நினைத்துக்கொள்ளாதீர்கள். தஞ்சாவூர், திருவாரூர் ஜில்லா இரண்டையும் சேர்த்தாலும் அதைவிடச் சின்னதுதான். 2,000 ஏரிகளுக்கு மேல் இருக்கின்றன. 1893லேயே பாதுகாத்து வைத்துவிட்டார்கள், மேட்டூர் அணைக்கே அப்போது அடிக்கல் விழவில்லை. அங்கே காலங்காலமாக இருந்த பூர்வகுடிகளின் பெயரைத்தான் பூங்காவுக்கு வைத்திருக்கிறார்கள். பெயரை வைத்துக்கொண்டு நிலத்தை எடுத்துக்கொண்ட கதை இங்கே நிறைய உண்டு, அது தனிக் கடிதம்.

இடம் பிடிப்பது திருப்பதி தரிசன டிக்கெட் மாதிரி. ஐந்து மாதம் முன்பே பதிவு திறந்துவிடும்.

கரடி நடமாடும் இடம். சாப்பாடு, எண்ணெய், பற்பசை, சோப்பு என்று வாசனை உள்ள எதையும் டென்டுக்குள் வைக்கக் கூடாது. எல்லாம் கார் டிக்கிக்குப் போய்விட வேண்டும். அம்மா கொடுத்தனுப்பிய மாவடுவும் அங்கேதான் தூங்கியது. விறகையும் வீட்டிலிருந்து கொண்டு போகக் கூடாது. அதோடு போகும் பூச்சிகள் காட்டு மரங்களை அழித்துவிடும் என்பதால் அங்கேயே வாங்கச் சொல்கிறார்கள். அந்த விறகைப் பற்றவைக்கிற வேலை சின்னவனுடையது. வீட்டில் தண்ணீர் டம்ளரைக் கூட எடுத்து வைக்காத பிள்ளை, கண்ணில் நீர் வழிய ஊதி ஊதி அடுப்பை மூட்டினான். அன்றைக்கு அவன் அடுப்பு எரிந்தால்தான் எங்களுக்குச் சோறு, அது அவனுக்கும் தெரியும். வீட்டில் அவனுக்கு நாங்கள் கொடுக்கும் வேலையெல்லாம் பழகுவதற்காகக் கொடுப்பது. அவன் செய்யாவிட்டாலும் வீடு நடக்கும். பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே புரிகிறது.

அப்புறம் உங்கள் மாப்பிள்ளை கதை. இங்கே கனூ என்று மெலிந்த நீள ஓடம் ஒன்று உண்டு. முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் சேர்ந்து துடுப்புப் போடாவிட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். இவர் பின்னால் உட்கார்ந்து சுற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் பெரியவள் "அப்பா, நான் சொல்றப்ப மட்டும் போடுங்க" என்று அதட்ட, ஓடம் நேரே போயிற்று. இவர் மறுபேச்சுப் பேசவில்லை. நான் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், பரம திருப்தி.

ராத்திரி லூன் என்ற நீர்ப்பறவை ஏரியில் கத்தும். யாரோ ஒப்பாரி வைக்கிற குரல். பன்னிரண்டு வயதாகிறதே, என் பக்கத்தில் வருவதையே நிறுத்திவிட்ட பெரியவள், அந்தக் குரலுக்குப் பயந்து என்னை ஒட்டிப் படுத்தாள். அப்படியே பேச்சு வந்தது. பள்ளிக்கூடத்தில் நெருங்கிய சிநேகிதி ஒருத்தி பேசாமல் போனதை, மாதக்கணக்காக மனதில் வைத்திருந்ததை, இருட்டில் சொன்னாள். வீட்டில் அவளுக்குத் தனி அறை, கதவு, கையில் போன். அங்கே சிக்னலும் கிடையாது, எழுந்து போக வேறு அறையும் கிடையாது.

நீங்கள் மட்டும் என்னவாம்? வீட்டில் என்னிடம் பேசியதெல்லாம் மார்க்கைப் பற்றித்தான். முறைத்தண்ணீர் வரும் ராத்திரிகளில் மண்வெட்டியோடு நீங்கள் கிளம்ப, டார்ச்சைத் தூக்கிக்கொண்டு நானும் வருவேன். ஆள்காட்டிக் குருவி கத்தும். மடையைத் திறந்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தபோதுதான் தாத்தா கடனுக்கு நிலத்தை விற்ற கதையைச் சொன்னீர்கள். அம்மாவுக்குக்கூட அது முழுசாகத் தெரியாது. நமக்கு அது செலவில்லாமல் கிடைத்தது. இங்கே டென்ட், ஸ்லீப்பிங் பேக், இட வாடகை என்று கணக்குப் போட்டால் தலை சுற்றுகிறது. காசில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எட்டாது என்பதும் எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

சரி, டிசம்பரில் வருகிறோமே, அதற்கு ஒரு வேலை. நம் பாமணி ஆறு கடைசியில் முத்துப்பேட்டைக் காயலில்தானே போய்ச் சேருகிறது? பிள்ளைகளை மன்னார்குடியிலிருந்து ஆற்றை ஒட்டியே கூட்டிப் போய், அலையாத்திக் காட்டைப் படகில் காட்ட வேண்டும். 2018 கஜா புயலில் அடிபட்ட காடு இப்போது எப்படி இருக்கிறது, வனத்துறையில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டுமா என்று விசாரித்து வையுங்கள். மழை விட்டிருந்தால் கோடியக்கரைக்கும் போகலாம். வெளிமான் அங்கே உண்டு, பூநாரையும் அந்தச் சமயத்தில் வரும். நீங்களும் கூட வர வேண்டும். வயல் வேலை என்று சாக்குச் சொல்லக் கூடாது. சின்னவனை வயலுக்கும் கூட்டிப் போங்கள், சும்மா வேடிக்கை பார்க்க வைக்காமல் ஏதாவது வேலை கொடுங்கள்.

பேரப்பிள்ளைகளுக்காக மாடி அறையில் ஏசி போடப் போவதாக அம்மா சொன்னாள். வேண்டாம். பெரிய கொசுவலை ஒன்று வாங்கி வைத்தால் போதும், மொட்டை மாடியில் படுத்துக்கொள்கிறோம். மார்கழிப் பனி ஆகாது என்று அம்மா சண்டைக்கு வருவாள். ஆகஸ்ட் மாதத்திலேயே இங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் தூங்கினார்கள் என்று சொல்லிச் சமாளியுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்