சங்கராபரணத்தில் ஓர் அந்நிய சுரம்

அன்புள்ள சேது,

உன் இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து இந்த ஒரே பதில். திட்டுவதென்றால் போனில் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். தங்கச்சி பையன் கல்யாணத்துக்கு நீ வராததை அம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். மீசை வாத்தியார் மறுபடியும் பெங்களூர் போய்விட்டார், வழக்கம்போல் யாரிடமும் சொல்லாமல்.

விஷயத்துக்கு வருகிறேன். மேற்கத்திய சங்கீத வரலாற்றைப் படிப்பதை விட்டுவிட்டேன். பரோக், கிளாசிக்கல், ரொமாண்டிக் என்று அறை அறையாகத் தடுத்து வைத்திருக்கிறார்கள். படித்து முடித்தால் தடுப்புச் சுவர்தான் நினைவில் நிற்கிறது. இப்போது ஒரே விதி வைத்திருக்கிறேன்: 1805 ஏப்ரலுக்குப் பிறகு வந்த எதையும் கேட்பதில்லை. ஹேடன் லண்டனுக்கு எழுதிய சிம்பனிகள், மோட்சார்ட்டின் கடைசி மூன்று, பேத்தோவனின் முதல் இரண்டு, இவ்வளவுதான். போனை அடுத்த அறையில் போட்டுவிட்டு, கையில் புத்தகம்கூட இல்லாமல். "ஐயா தவத்தில் இருக்கிறார்" என்று வீட்டில் கிண்டல்.

அந்தக் காதோடு எராய்காவுக்கு, அதாவது பேத்தோவனின் மூன்றாவது சிம்பனிக்குப் போனேன். சேது, நமக்கு அது கல்லூரி நாளிலிருந்து தெரியும் என்றுதானே நினைத்தோம்? ஒன்றும் தெரியாது!

1805 ஏப்ரல் 7, வியன்னாவில் முதல் பொது அரங்கேற்றம். ஹேடனின் 104ஆவது சிம்பனி அரை மணிக்குள் முடிந்துவிடும். இது ஐம்பது நிமிடம். நிறுத்தினால் இன்னொரு காசு தருகிறேன் என்று மாடியிலிருந்து ஒருவர் கத்தினார் என்பது பேத்தோவனின் சீடர் செர்னி சொன்ன கதை. அந்த ஆள்மேல் எனக்கு இப்போது கோபமே இல்லை.

உனக்குப் புரிகிற பாஷையில் சொல்கிறேன். எடுத்தவுடன் முழு ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து இரண்டு அடி. பிறகு செல்லோவில் சுத்தமான சங்கராபரணம்: ஸ க ஸ ப, ஸ க ப ஸ. ராகத்துக்குச் சொந்தமான காகலி நிஷாதம் தொட்டு, ஏழாவது பாரில் (நம் ஆவர்த்தம் மாதிரி) திடீரென்று ராகத்தில் இல்லாத, அதைவிடச் சற்றுக் கீழான கைசிகி நிஷாதம்! யார் கூப்பிட்டது இதை? உடனே மேலே காகலிக்கே ஏறி, ஒன்றும் நடக்காதது போல் ஸட்ஜத்துக்கு வந்துவிடும். போகட்டும் என்று நாமும் மறந்துவிடுவோம். பத்து நிமிடம் போல கழித்து அதே பாட்டு திரும்புகிறது, அதே கைசிகி. இந்தத் தடவை ஏறாது. கீழே தைவதத்துக்கு இறங்குகிறது. இறங்கின இடத்தில் ரிஷபமே ஸட்ஜமாகி, ஹார்ன் (பித்தளை ஊதுவாத்தியம்) தனியாக எடுக்கிறது பார்! ஆரம்பத்தில் நடந்ததைக் காதில் பத்திரமாக வைத்திருந்தவனுக்குத்தான் அந்த இடம் திறக்கும். ஒரு சுரத்தை இவ்வளவு நேரம் நிலுவையில் வைக்க ஓர் ஆளுக்குத் தைரியம் வந்தது, அதை நம்பி எழுத முடிந்தது, வரலாறு என்று நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான்.

அதற்குச் சற்று முன்னால்தான் அந்தப் பிரசித்தி பெற்ற 'தப்பு'. வயலின்கள் வேறு ஸ்வரங்களில் நடுங்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஹார்ன் முந்திக்கொண்டு பல்லவியை எடுத்துவிடும். ஒத்திகையில் பேத்தோவன் பக்கத்தில் நின்ற இன்னொரு சீடர் ரீஸ், அவனுக்கு எண்ணத் தெரியாதா என்று வைதாராம். குரு வேண்டுமென்றே எழுதியது அது; அவரிடம் அறை வாங்காமல் தப்பியது பெரிய விஷயம். நீயாக இருந்தால் வாங்கியிருப்பாய்.

இன்னொன்று. போன மாதம் காதுப் பரிசோதனை செய்துகொண்டேன். வலது காதில் மேல்ஸ்தாயி குறைந்துகொண்டு வருகிறதாம். பயப்பட ஒன்றுமில்லை, வயசு என்கிறார் டாக்டர். வீட்டில் முழுதாகச் சொல்லவில்லை, நீயும் வாயை மூடிக்கொள். பேத்தோவனுக்கு 31 வயசு, 1802 அக்டோபர், வியன்னாவுக்குப் பக்கத்து ஹைலிகன்ஸ்டாட்டில் உட்கார்ந்து தம்பிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார்: பக்கத்தில் நிற்பவனுக்குத் தூரத்துப் புல்லாங்குழல் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை என்று. அனுப்பவேயில்லை, 1827இல் அவர் போன பிறகுதான் கிடைத்தது. அதை எழுதிய மறுவருஷம் எராய்காவில் இறங்கியிருக்கிறார். முன்பெல்லாம் இதைப் படித்தால் உருக்கமான கதை என்று பக்கத்தைத் திருப்பிவிடுவேன். இப்போது அப்படித் திருப்ப முடியவில்லை.

போகட்டும். செல்லோவும் ஹார்னும் கீழ்ஸ்தாயிதானே, எனக்கு இன்னும் நாள் இருக்கிறது. டிசம்பரில் நாலு நாள் வந்து இரு. வருவதற்குள் ஹேடனின் 104ஐ ஒழுங்காகக் கேட்டுவிட்டு வா, வண்டி ஓட்டிக்கொண்டே கேட்டதெல்லாம் கணக்கில் வராது. கேட்காமல் வந்தாயானால் சாப்பாடு உண்டு, எராய்கா கிடையாது.

உன்,
மணி