நாங்களும் யூகித்தோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய மர்மத் தொடர்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ‘மர்மதேசம்’ வரிசையில் வந்த ‘விடாது கருப்பு’ தொடரை இன்றைய பிள்ளைகள் யூடியூபில் பார்த்து, அந்தக் குடும்பத்து ரகசியத்தைப் பற்றி ஆளுக்கொரு யூகம் சொல்வதைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். என் மகளும் அப்படி ஓயாமல் யூகிக்கிறவள்தான், அதனால் எனக்கும் சந்தோஷம். ஆனால் அந்தக் காலத்தில் பார்த்தவர்கள், அதிலும் வீட்டுப் பெண்கள், தொடரில் குதிரையில் வந்து தப்பு செய்தவர்களைத் தண்டிக்கும் கருப்பு நிஜமாகவே சாமிதான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு பார்த்ததாக ஒரு வரி இருந்தது. அந்த வரி தவறு ஐயா. நான் அங்கே இருந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

1990களின் பிற்பகுதியில் நான் குடியாத்தத்துக்கு மருமகளாக வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எங்கள் தெருவில் பெண்களெல்லாம் பீடி சுற்றுவோம். ஒரு திண்ணையில் ஐந்தாறு பேர், ஆளுக்கொரு முறம் மடியில். நாளுக்கு ஆயிரம் பீடி, இருபத்தைந்து போட்டு நாற்பது கட்டு. சன் டிவியில் இந்தத் தொடர் வாரத்துக்கு ஒருநாள் வரும். கலர் டிவி எங்கள் வீட்டுக்காரம்மா கூடத்தில் மட்டும் இருந்தது. ஒருநாள் பார்ப்போம், அடுத்த ஆறு நாளும் பேசுவோம். இலை நறுக்கும்போது ஒருத்தி ஒன்று சொல்வாள், நூல் கட்டும்போது இன்னொருத்தி அதை வெட்டிப் பேசுவாள். ஆறாயிரம் பீடி சுற்றி முடிப்பதற்குள் ஒரு யூகம் எத்தனை வழியில் போய்த் திரும்பும் என்பது, அடுத்த பகுதியை அந்த நிமிடமே தட்டிப் பார்க்கும் பிள்ளைகளுக்குப் புரியாது.

சாமி என்று நம்பியவர்கள் இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கருப்பு தெற்கத்திச் சாமி. எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் எல்லையில் உட்கார்ந்திருப்பது முனீஸ்வரன். அந்தத் தூரம் இருந்ததாலேயே எங்களால் பயமில்லாமல் ஆராய முடிந்தது. “சாமி குதிரைன்னா குளம்புச் சத்தம் எதுக்குடி கேக்கணும்? லாடம் அடிச்ச குதிர அது, எவனோ தீனி போட்டு வளக்கறான்” என்று எதிர்வீட்டு அக்கா முதல் மாதமே சொல்லிவிட்டார். சொத்துக்காக யாரோ ஊர்ப் பெரிய மனுஷன் செய்கிறான் என்றது ஒரு கட்சி. தொடரில் வரும் பேச்சிக் கிழவிக்கு யாருக்கும் தெரியாத ஒரு வாரிசு இருக்கிறது, அவன் பழி தீர்க்கிறான் என்றது இன்னொரு கட்சி. நானும் அந்த வாரிசுக் கட்சிதான். எங்கள் ஊர்ப்பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவளுக்குக் குடும்ப ரகசியம் என்றாலே ஆற்றில் விட்ட பிள்ளைதான் நினைவுக்கு வரும். இப்போது வரும் பேய்த் தொடர்களிலும் முக்கால்வாசி அதுதானே, பிறப்பு ரகசியம், மாறிப்போன குழந்தை, இரட்டைப் பிறவி. கடைசியில் பழி ஏதோ ஒரு தாயின் நடத்தை மேல் வந்து விழும். எனக்கு இன்று அது பிடிக்கவில்லை, அன்று நானும் அதைத்தான் யூகித்தேன்.

என் மாமியார் மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. ஒருநாள் என் கர்ணன் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “கூத்துல ரகசியம் நமக்குத் தெரியும், கர்ணனுக்குத் தெரியாது. இதுல நமக்கும் தெரியல. செய்யறானே, அவனுக்கும் தெரியாம இருந்தா?” எங்களுக்குப் புரியவில்லை. செய்கிறவனுக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்டோம். அவர் கெங்கையம்மனைக் காட்டினார். வைகாசி முதல் நாள் எங்கள் ஊரில் சிரசுத் திருவிழா. அம்மன் தலையைத் தரணம்பேட்டையிலிருந்து ஊர்வலமாகக் கொண்டுபோய் கோபாலபுரம் கோயிலில் உடலில் பொருத்துவார்கள். மகன் கையால் வெட்டுப்பட்ட ரேணுகையின் தலை, வேறொருத்தியின் உடம்பு. “ஒரு ஒடம்புல ரெண்டு பேர் கீறாங்கன்னு வருசா வருசம் கும்புடறோம். அம்மனுக்கு ஆவும், மனுசனுக்கு ஆவாதா?” என்றார். அதோடு, “அந்தச் சின்னப் பையன் ராசு இருக்கானே, அவன நல்லா பாருங்க” என்றும் சொன்னார்.

தொடரைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய யூகம் என்று தெரியும். ராசுவின் கதை இப்போது நடப்பது போலவே காட்டப்படும். அவன்தான் வளர்ந்து ராஜேந்திரன் ஆனான், ராஜேந்திரனுக்குள்ளேதான் கருப்பு இருக்கிறது என்பதைக் கடைசியில்தான் அவிழ்ப்பார்கள். கதை எழுதிய இந்திரா சௌந்தர்ராஜனும் இயக்கிய நாகாவும் அத்தனை வாரம் பொத்திப் பொத்தி வைத்ததை, பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்ற ஒரு பெண் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்டுபிடித்தார். 2024 நவம்பரில் எழுத்தாளர் மதுரையில் காலமான செய்தியைப் படித்தபோது, இதை அவருக்கு ஒரு கடிதமாகவாவது எழுதியிருக்கலாமே என்று மனம் அடித்துக்கொண்டது.

என் மாமியார் அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத் தெரிந்தது. அவருடைய தம்பி, என் கணவரின் தாய்மாமன், லுங்கித் தறி நெய்தவர். இளம் வயதில் ராத்திரி எழுந்து கவுண்டன்ய ஆற்றுப் பக்கம் போய்விடுவாராம். வேறு குரலில் பேசுவாராம், விடிந்தால் ஒன்றும் நினைவிருக்காதாம். முனி அடித்திருக்கிறது என்று மந்திரித்தார்கள். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண்கள் இருந்ததால் வெளியே மூச்சு விடவில்லை. கடைசியில் என் மாமியார்தான் யாரையும் கேட்காமல் அவரைக் கூட்டிக்கொண்டு வேலூர் பஸ் ஏறி, பாகாயத்தில் உள்ள மனநல மருத்துவமனையில் சேர்த்தார். அங்கே நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்க வேண்டும், இவர் தங்கினார். அந்த மாமா மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு மறுபடி தறியில் உட்கார்ந்தார். எனக்கு அவரைத் தெரிந்ததெல்லாம் அமைதியான மனிதராகத்தான். எங்கள் பக்கம் சண்டை வந்தால் ‘உன்னைப் பாகாயத்துக்குத்தான் அனுப்பணும்’ என்று திட்டுவார்கள். என் மாமியார் முன்னால் அதைச் சொன்னவர்களோடு அவர் அதன்பிறகு பேசியதில்லை.

கட்டுரையில் ராஜேந்திரனை இரண்டு இடத்தில் ‘பைத்தியம்’ என்று எழுதியிருந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். இனி அந்தச் சொல்லைத் தயவுசெய்து தவிருங்கள். அந்தக் காலத்துப் பார்வையாளர்களைப் பற்றிய வரியையும் திருத்துங்கள்.

அன்று திண்ணையில் என் மாமியாரின் யூகத்தை ஒருவழியாக நாங்கள் ஒத்துக்கொண்டபோது, அவர் ஜெயித்த மாதிரி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையிலிருந்த இலையைக் கீழே வைத்துவிட்டு, “அப்படின்னா, அவன்கூட யாருடி தங்குவா?” என்று கேட்டார். எங்களில் யாருக்கும் அந்தக் கேள்வி அப்போது விளங்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.