கடைசியாக வரும் வண்டி

திசையன்விளை,
ஐப்பசி, ஞாயிறு மாலை.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் போதாதா என்று நீ கேட்பாய். போனில் பேசும்போதெல்லாம் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். மெக்சிகோவில் இருக்கிற பாஹாவுக்கு மோட்டார் பைக்கில் போகப்போவதாக நீ சொன்ன அன்றைக்கு, "ஏட்டி, ஒனக்கு இது தேவைதானா?" என்று அவள் கேட்டதோடு பேச்சு நின்றுபோனது. நான் சொல்ல நினைத்ததெல்லாம் தொண்டையிலேயே தங்கிவிட்டது. அதனால் எழுதித் தம்பியிடம் கொடுக்கிறேன். அவன் படம் எடுத்து அனுப்புவான்.

உன்னைத் தடுக்க எனக்கு மனசு வரவில்லை. பன்னிரண்டு வயதில் கடைக்குப் பின்னால் நின்ற டிவிஎஸ் 50-ஐ யாருக்கும் தெரியாமல் உருட்டிக்கொண்டு போய்ச் செம்மணல் தேரியில் விழுந்து, பாவாடை சட்டையெல்லாம் செக்கச்செவேலென்று வந்து நின்றவள் நீ. அன்றைக்கு உன்னை அடித்தேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. போய்ட்டு வாம்மா. ஆனால் நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு போ.

பதினைந்து நாளாகத் தம்பியை உட்கார வைத்து அந்த மேப்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வடக்கே அமெரிக்க எல்லையிலிருந்து தெற்கே முனைவரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் தீபகற்பம். ஒரு பக்கம் பசிபிக், மறு பக்கம் கலிபோர்னியா வளைகுடா, நடுவே மலையும் பாலைவனமும். ஊர்களை இணைத்து நீளமாகப் போகிற தார்ச்சாலையே 1973-ல்தான் முழுசாக முடிந்திருக்கிறது. அதற்கு முன்னால், 1962-ல், டேவ் எக்கின்ஸ், பில் ராபர்ட்சன் என்று இரண்டு பேர் ஹோண்டா 250-ல் வடக்கே டிஹுவானாவிலிருந்து தெற்கே லா பாஸ் வரை போயிருக்கிறார்கள். எக்கின்ஸுக்கு ஆன நேரம் 39 மணி 56 நிமிடம். உன் வண்டியும் 250 தான் என்றதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெரிய வண்டி வாங்காமல் இதை எடுத்தாயே, அது நல்ல முடிவு. மணலில் விழுந்த வண்டியை நிமிர்த்தப்போவது நீதான். தூக்க முடிகிற வண்டியில் போவதுதான் சரி.

சில இடங்களைப் பார்க்கும்போது நம்ம பக்கம் மாதிரியே இருக்கிறது. குவெரேரோ நேக்ரோ என்ற ஊரில் கண்ணுக்கு எட்டிய தூரம் உப்பளம், தூத்துக்குடியைப் பத்து மடங்கு பெரிதாக்கி வைத்தது போல. கத்தவீன்யா பக்கம் யானை யானையாகப் பாறைகள். நடுவில் சிரியோ என்று ஒரு மரம், பனங்கிழங்கைத் தலைகீழாக நட்டு வைத்தது போல ஒல்லியாக உயர்ந்து நிற்கிறது. கோயிலில் ஏற்றும் மெழுகுவர்த்திக்கு அவர்கள் பாஷையில் அதுதான் பேராம். அதையெல்லாம் வண்டியை நிறுத்தி, இறங்கிப் பார். ஓட்டிக்கொண்டே பார்க்காதே.

இனி மெக்கானிக்காகப் பேசுகிறேன்.

மணல். தேரி மணலில் நீ கற்றதை மறந்திருக்க மாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன். முன் சக்கரம் புதைந்து ஹேண்டில் ஆடத் தொடங்கியதும் கை தானாக ஆக்ஸிலேட்டரை விடப் பார்க்கும். விட்டால் எடை முழுக்க முன்னால் வந்து இறங்கும், சக்கரம் மடங்கும், விழுவாய். ஃபுட்ரெஸ்டில் எழுந்து நில், இடுப்பைப் பின்னுக்குத் தள்ளு, முழங்காலால் டாங்கைப் பிடி, ஆக்ஸிலேட்டரைச் சீராக வைத்திரு. ஹேண்டில் ஆடினால் ஆடட்டும், இறுக்கிப் பிடிக்காதே. சக்கரத்துக்கு அடியில் பார்க்காமல் இருபது முப்பது அடி தள்ளிப் பார். கண் போகிற பக்கம் வண்டி போகும்.

காற்றைக் குறை. ரோட்டில் 28, 30 வைத்து ஓட்டுகிற டயரை மணலுக்கு 15, 16-க்கு இறக்கினால் டயர் அகலமாகப் பரந்து மிதக்கும். ஆனால் டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கிற ரிம் லாக் போட்டிருக்கிறாயா என்று பார். இல்லாவிட்டால் காற்றுக் குறைந்த டயர் ரிம்மில் சுற்றி, டியூப்பின் வால்வை அறுத்துவிடும். கல் பாதை வந்தால் மறுபடியும் ஏற்று. நம்ம ஊரில் உடைமுள், அங்கே கள்ளி முள். டியூப் இரண்டு, லீவர் மூன்று, கைப்பம்பு ஒன்று, இவை உன் பையில் இருக்க வேண்டும். கூட வருபவர் பையில் இருக்கிறது என்ற பேச்சே கூடாது.

மணலைவிட எனக்குப் பயம் புழுதி. அங்கே சில இடங்களில் மாவு மாதிரி நைசான தூள் முழங்கால் அளவுக்கு நிற்குமாம், அடியில் பள்ளம் இருப்பது தெரியாது. அந்தத் தூள்தான் எஞ்சினுக்கு எமன். ஆடிக்காற்று நேரத்தில் தேரிப்பக்கம் ஓடிய வண்டி ஒன்று ஒருமுறை கடைக்கு வந்தது. ஏர் ஃபில்டரை உதறினேன். குங்குமச் சிமிழைக் கவிழ்த்தது போல உள்ளங்கை நிறையக் கொட்டியது. கார்ப்புரேட்டர் கிண்ணத்தின் அடியிலும் சிவப்பாக ஒரு படிவு, விரலால் தொட்டால் சந்தனம் போல வழவழப்பு. அது உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கை அரம் போல ராவிவிடும். தினமும் ராத்திரி, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், ஃபில்டரைக் கழற்றிப் பார். எண்ணெய் நனைத்த மாற்று ஃபில்டர் ஒன்றைக் கவரில் கட்டி வைத்துக்கொள்.

பெட்ரோல்: எல் ரொசாரியோ தாண்டினால் 300 கிலோமீட்டருக்கு மேல் பங்க் கிடையாது என்று சொல்கிறார்கள். வழியில் பீப்பாயில் வைத்து விற்பார்களாம், அதை நம்பிப் போகாதே. இருட்டிவிட்டால் ஓட்டவே வேண்டாம். மாடுகள் ரோட்டில் நிற்கும், வேலி கிடையாது. அமெரிக்காவில் எடுத்த இன்சூரன்ஸ் மெக்சிகோவில் செல்லாது, தனியாக எடு. இன்னொன்று, அந்த பாஹா 1000 பந்தயம் வழக்கமாக நவம்பரில்தான் நடக்கிறது. நீங்களும் நவம்பரில்தான் போகிறீர்கள். பந்தயத்துக்குப் பாதை பார்க்க வருகிற வண்டிகள் வளைவில் எதிரே பறந்து வரும். நேரே போகும் பாதை என்றாலும் ஓரமாகவே போ.

சரி, இதையெல்லாம் உன் கூட்டத்தில் இருக்கிற யாரும் சொல்லிவிடுவார்கள். நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. கூட்டத்தில் மொத்தம் ஒன்பது பேர், கடைசி வண்டி உன்னுடையது என்று சொன்னாயே, அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.

டெய்லர் மாமா காலைச் சாய்த்து நடப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். பிறவியிலேயே அப்படி என்று நினைத்திருப்பாய். நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம். அது 1986 பங்குனி உத்திரத்தன்று நடந்தது. அவர் குடும்பத்துக்குச் சாஸ்தா கருக்குவேல் அய்யனார். நாங்கள் நான்கு பேர், நான்கு வண்டி, தேரிக்குடியிருப்பில் இருக்கிற அந்தக் கோயிலுக்குக் கிளம்பினோம். ரோட்டில் போனால் கூட்டம் என்று தேரிக்குள் புகுந்தோம். அவருக்கு மட்டும் யாரோ கொடுத்த புல்லட், பழக்கமில்லாத வண்டி. முதலில் நான். இளவயசு, பின்னால் திரும்பிப் பார்க்கிற பழக்கம் இல்லை. ஒரு புழுதி மேகத்தைக் கிளப்பிக்கொண்டு போகிறோம், அந்தப் புழுதிக்குள் கடைசி ஆள் இருக்கிறாரா இல்லையா என்று யாருக்குத் தெரியும்?

கோயில் போய்ச் சேர்ந்து, கையால் முகம் துடைத்து, டீயும் குடித்தோம். அவரைக் காணோம். "திரும்பி ரோட்டு வழியா வந்துருவாம்ல" என்றான் ஒருவன். அந்தச் சொல்லை நான் சொன்னேனா அவன் சொன்னானா என்று இத்தனை வருஷம் யோசித்துவிட்டேன். நான் மறுத்துப் பேசவில்லை, அது நிச்சயம். மூன்று மணி நேரம் கழித்துத்தான் தேடப் போனோம்.

மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை விட்டிருக்கிறார். வண்டி அப்படியே ஒரு பக்கம் சாய்ந்து, காலை மணலோடு வைத்து அழுத்திவிட்டது. கெண்டைக்கால் சைலன்சரில். கத்தியிருக்கிறார், பனங்காட்டுக் காற்றில் எங்கே கேட்கும்? ஒரு பனையேறிதான் மேலேயிருந்து பார்த்து, அரிவாளோடு இறங்கி ஓடி வந்து, மட்டையை நெம்புகோலாகக் கொடுத்து வண்டியைத் தூக்கியிருக்கிறார். நாங்கள் போனபோது டெய்லர் மாமா ஒரு உடைமரத்து நிழலில் படுத்திருந்தார். அந்த மனிதர் ஓலைப்பட்டையில் பதநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அவர் வாயில் விட்டுக்கொண்டிருந்தார். காலைப் பார்த்தேன். அதை எழுதமாட்டேன். எங்களைப் பார்த்ததும் அவர் கேட்டது, "எல்லாரும் வந்துட்டியளா?" என்றுதான்.

எலும்பு கூடியது, சரியாகக் கூடவில்லை. ஒருநாளும் அவர் என்னைக் குறை சொன்னதில்லை.

அதனால்தான் சொல்கிறேன். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் கிடையாது. எல்லாரையும் நீ பார்த்துக்கொள்வாய், உன்னை யார் பார்ப்பது? மண் பாதைக்குப் போகும்போது பின்னால் பார்க்கிற கண்ணாடியையும் கழற்றிவிடுவீர்கள். கிளம்பும் முன்னால் எட்டு பேரையும் நிறுத்திப் பேசு. பாதை பிரிகிற ஒவ்வொரு இடத்திலும், முன்னால் போகிறவருக்கு அடுத்த ஆள் நிற்க வேண்டும், நீ கண்ணில் பட்ட பிறகுதான் அவர் கிளம்ப வேண்டும். பிரிவே இல்லாத நீளப் பாதை என்றால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருபவரின் லைட் தெரிகிறதா என்று கழுத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் நிற்க வேண்டும். அவர் நின்றால் அவருக்கு முன்னால் போகிறவரும் நிற்பார், அப்படியே முதல் ஆள் வரைக்கும் போய்ச் சேரும். உன் எட்டாவது ஆள் யார் என்று கேட்டுச் சொல். வேகமாக ஓட்டுகிறவராக இருந்தால் அவரை முன்னால் அனுப்பிவிட்டு, நிதானமான ஒருவரை உனக்கு முன்னால் வைத்துக்கொள். ஆபத்தில் உதவி கேட்கிற அந்தச் சாட்டிலைட் கருவி வண்டிப் பையில் கிடக்கக் கூடாது, உன் உடம்பில் இருக்க வேண்டும். வண்டி உன்மேல் விழுந்தாலும் கை எட்டும்.

ஒரு ஆசையும் உண்டு. லொரேட்டோவிலிருந்து மலைக்குள் போனால் சான் ஹவியேர் என்று ஒரு ஊர், 1699-ல் சேசுசபைப் பாதிரிமார் தொடங்கியது. கல்லில் கட்டிய கோயில் இன்னும் நிற்கிறது, பக்கத்தில் பழைய ஒலிவ மரமும் இருக்கிறதாம். ஹவியேர் என்பது நம்ம சவேரியார். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து, மணப்பாட்டுக் குகையில் தங்கியிருந்தவர். அவர் அந்தப் பக்கத்தை மிதித்ததே கிடையாது, ஆனாலும் பேர் போய்ச் சேர்ந்திருக்கிறது. நீ அங்கே போனால் டெய்லர் மாமாவுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. அம்மா தனக்கும் ஒன்று என்றாள். பயணம் பற்றி அவள் வாயைத் திறந்து சொன்னது அது ஒன்றுதான், அதனால் மறந்துவிடாதே.

நேற்று டெய்லர் மாமா கடைக்குப் போய், உன் பயணத்தையும் கடைசி வண்டியையும் சொன்னேன். அந்த நாள் பற்றி உனக்கு எழுதலாமா என்றும் கேட்டேன். தலையசைத்தார். அப்புறம் எழுந்து போய், ரோடு வேலைக்காரர்கள் போடும் ஆரஞ்சுத் துணி, லைட் பட்டால் மின்னுமே, அதை அவிழ்த்து எடுத்து வந்தார். "புழுதிக்குள்ள இது தெரியும்" என்று முதுகில் மாட்டுகிற மாதிரி ஒரு பட்டை வெட்டினார். மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டார். ஒன்பது என்றேன். இன்று சாயங்காலம் ஒன்பதும் தைத்து முடித்துவிட்டார். நாளைக்குக் கருப்பட்டியோடு சேர்த்து அனுப்புகிறேன்.

உனக்குச் சாயங்காலம் ஆறு என்றால் இங்கே மறுநாள் காலை ஏழரை. பாதி தூரம் தாண்டியதும் அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகுமாமே, அப்போது ஆறரை. நான் கடையைத் திறக்காமல் வாசலில் போனோடு உட்கார்ந்திருப்பேன். ஒன்பது வண்டியும் வந்து சேர்ந்தது என்று ஒரு வரி போடு.

அப்பா