குளத்து ஓரத்துக்கு கல்வாழை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க தோட்டப் பகுதில வீட்டுக் குளம் பத்தி வர்றப்பல்லாம் தாமரை, அல்லி இந்த ரெண்டு தான் வருது, ஓரத்துல என்ன வைக்கிறதுன்னு யாருமே எழுதல. ஓரம் மொட்டையா கிடந்தா அடியில விரிச்ச ஷீட்டு தான் கண்ணுல படும். அதுக்கு என்னைக் கேட்டா கல்வாழை தான்.

எல்லா ரகத்தையும் தண்ணிக்குள்ள இறக்கிடாதீங்க. ஒல்லி இலையோட வெளிர் மஞ்சள்ல பூக்குற கன்னா கிளாக்கா, அதான் நீர் கல்வாழை, 15 செ.மீ. ஆழத்துல கூட நிக்கும், மத்தத சேறு ஈரமா இருக்குற விளிம்போட நிறுத்திக்கணும். தினம் 6 மணி நேரமாவது நல்ல வெயில் வேணும், நிழல்ல வெறும் இலையா தான் வரும்.

முக்கியமா மண்ணு. நான் முதல் தடவ மாடித்தோட்டத்துக்கு கலக்குற மாதிரியே கோகோபீட்டும் (தேங்கா நார்த்தூள்) மாட்டெருவும் போட்டு வச்சேன், கோகோபீட் மிதந்துடுச்சு, எருவோட சத்து தண்ணில எறங்கி ரெண்டு வாரத்துல குளமே பச்சப்பசேல்னு பாசி, அந்தப் பாசி ராத்திரில ஆக்சிஜன இழுத்துக்கும்ல, விடியக்காலைல மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தவிச்சத பாக்கவே முடியல. இப்போ ஓட்டை உள்ள கூடைல வெறும் களிமண்ணு, கிழங்க நட்டு மேல கூழாங்கல்லு, அவ்ளோ தான். உரமே போடுறதில்ல. மீன் கழிவுல இருக்குற சத்தே அதுக்குப் போதும், அத வேர் உறிஞ்சிக்கிறதால பாசியும் அடங்குது. கழிவுநீர சுத்தம் பண்ற செடிப் படுகைகள்ல கல்வாழைய வைக்கிறது இதுக்குத் தான். கூடைல வச்சா கிழங்கு கண்டபடி பரவாது, இன்னொரு வசதி.

பூ முடிஞ்ச தண்ட அடியோட வெட்டி விட்டா பக்கத்துலயே புதுக் குருத்து வரும். அந்தப் பூவ ஒரு நாள் கிட்டப் போய் பாருங்க, நாம இதழ்னு நினைக்கிறது இதழே இல்ல, உருமாறின மகரந்தக் கேசரம், அதாவது பூவோட ஆண் உறுப்பு, நிஜ இதழ் கீழ ஒல்லியா ஒளிஞ்சிருக்கும். எனக்கு இது தெரிஞ்சப்போ அவ்ளோ ஆச்சரியம்!

ரெண்டு மூணு வருஷத்துல கூடை நெரிஞ்சிடும், அப்ப பிரிச்சு நடணும். மிச்சக் கிழங்க ஏரி, வாய்க்கால்ல மட்டும் வீசாதீங்க, அங்கயே வேர் பிடிச்சு மத்த செடிய அமுக்கிடும். இலைல மஞ்சக் கோடு கோடா இருந்தா அது வைரஸா இருக்கலாம், கிழங்கு வழியாவே பரவும், அத யாருக்கும் குடுக்க வேணாம். இந்த ரெண்டு விஷயத்தையாவது உங்க பக்கத்துல பெரிய எழுத்துல போடுங்க சார்.

அன்புடன்,
ஒரு வாசகி