முட்டையை உச்சியில் திறந்து தந்தவர்களுக்கு

அன்பார்ந்த பங்கு மக்களே,

ஏப்ரல் 5, உயிர்ப்புப் பெருவிழாவன்று (ஈஸ்டர்) பீடத்தருகே தொங்கிய வண்ண முட்டைகளையும், இயேசுவின் கல்லறையைக் காட்டத் தட்டில் அமைத்து வாசலோரம் வைத்த கல்லறைத் தோட்டத்தையும் பார்த்துவிட்டு, "இதெல்லாம் பிள்ளைகளா செய்தது?" என்று பலர் கேட்டீர்கள். ஆமாம், நான்கு முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைகள்தான். ஆனால் அவர்கள் கைக்குப் போகும் முன்னால் நடந்த வேலை பெரியவர்களுடையது. இந்த மடல் அவர்களுக்கு.

முதல் நன்றி பரோட்டா கடை மாஸ்டர் அண்ணனுக்கு. ஆம்லெட்டுக்கு முட்டையை நடுவில் தட்டி உடைப்பதுதான் பழகிய கை. அதை மாற்றி, அகன்ற முனையில் கரண்டிக் காம்பால் தட்டி, ஐம்பது பைசா அகலத்துக்கு மட்டும் திறந்து, ஒரு வாரத்தில் 120 ஓடு சேர்த்துத் தந்தார். காற்றறை அந்த முனையில்தான் இருக்கிறது. உள்தோலை அங்கே பிடித்து உரிப்பது எளிது. நாமக்கல் வெள்ளை முட்டையாக இருந்ததும் நல்லதாயிற்று. நாட்டுக்கோழி முட்டையின் பழுப்பு ஓட்டில் மஞ்சளும் நீலமும் எடுபடாது.

ஊசியால் துளை போட்டு வாயால் ஊதிக் காலி செய்யும் முறையை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். பச்சை முட்டையில் சிறுபிள்ளைகள் வாய் வைக்கக் கூடாது. வந்த ஓடுகளை அன்பியத் தாய்மார் (பங்கிலுள்ள சிறு குடும்பக் குழுக்களின் தாய்மார்) சோப்புத் தண்ணீரில் கழுவி, உள்தோலை உரித்து, பத்து நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்தார்கள். தோல் துளி ஒட்டியிருந்தாலும் இந்த வெயிலுக்கு நாற்றம் எடுத்துவிடும். எண்ணெய்க் கை பட்ட இடத்தில் சாயமும் பிடிக்காது, சோப்பு அதற்காகவும்தான்.

பிரியாணிக் கடைக்காரர் ஒரு கோணி வெங்காயச் சருகு ஒதுக்கி வைத்திருந்தார். லிட்டர் தண்ணீருக்கு இரண்டு கை நிறையச் சருகு, அரை மணி நேரக் கொதி, வடிகட்டி ஆறியதும் இரண்டு மேசைக்கரண்டி வினிகர். அரை மணி ஊறினால் செங்கல் நிறம், இரவு முழுக்க விட்டால் இன்னும் அடர்த்தி. வினிகரைத் தாராளமாக ஊற்றக் கூடாது. ஓடு சுண்ணாம்புச் சத்துதான், புளிப்பில் நுரைத்துக் கரையும். துடைக்கும்போது சாயமும் துணியோடு வந்துவிடும்.

காய்கறிக் கடை அக்கா தந்த ஊதா முட்டைக்கோஸ்தான் பிள்ளைகளை அதிகம் கத்த வைத்தது. அரைக் கிலோவை நறுக்கி ஒரு லிட்டரில் கொதிக்கவிட்டு வினிகர் சேர்த்தால் சாறு ரோஸாகிறது. அதில் மூழ்கிய முட்டையோ நீலமாக வெளியே வருகிறது! அந்தச் சாறு புளிப்பில் சிவக்கும், ஓட்டின் சுண்ணாம்பில் பட்டால் நீலமாகும். பீட்ரூட் கொண்டுவந்தவர்கள் மன்னிக்கவும். அந்த ரோஸ் நிறம் நிற்காது, காய்ந்தபின் பழுப்படித்துவிடும். பொரியல் செய்துவிட்டோம்.

மஞ்சள்தூள் லிட்டருக்கு மூன்று மேசைக்கரண்டி. அது முழுதாகக் கரையாது. வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டாவிட்டால் முட்டையில் புள்ளிபுள்ளியாக ஒட்டும். சோப்புக் கையால் தொட்டால் சிவந்துவிடும், ஆரத்தித் தண்ணீர் சிவப்பது போலத்தான்.

சாயத்தில் ஓட்டைக் கவிழ்த்துப் போட்டால் உள்ளே காற்று அடைபட்டு மிதக்கும். மிதந்த பக்கம் வெள்ளையாகவே நிற்கும். வாயை மேலே வைத்து, உள்ளேயும் ஒரு கரண்டி சாயம் ஊற்றினால் அமிழும். ஒருமுறை காட்டினால் நான்கு வயதுப் பிள்ளையும் செய்துவிடுகிறது.

இலை அச்சுக்குப் பழைய நைலான் சாக்ஸ் கொடுத்த விடுதி மாணவிகளுக்கு நன்றி. நனைத்த கொத்தமல்லி இலையை ஓட்டில் ஒட்டி, சாக்ஸ் துண்டால் இறுக்கிச் சுற்றி நூலால் கட்டி, சாயத்தில் இறக்கினோம். முருங்கையிலையும் சரிவரும். கறிவேப்பிலை விறைப்பு, வளைவில் படியாது. அடியில் சாயம் புகுந்து உருவம் கலைந்துவிடும். தொங்கவிட, கூர்முனையில் ஊசித்துளை போட்டு, தையல் கடை அக்கா தந்த பொத்தானில் நூலை முடிந்து உள்ளிருந்து மேலே இழுத்தோம். துளை போட்டது மட்டும் பெரியவர்கள்.

கல்லறைத் தோட்டத்துக்கு யோசனை சொன்னது முளைப்பாரி போட்டுப் பழகிய பாட்டி. ஒரு வாரம் முன், குருத்தோலை ஞாயிறன்று கடுகு தூவினால் உயிர்ப்பு ஞாயிறுக்குப் பச்சை நிற்கும் என்றார். அகலத் தட்டில் இரண்டு விரல் கனம் மண், பாதி உடைந்த சட்டியைக் கவிழ்த்துக் கல்லறை, வாசலுக்கு உருட்ட ஒரு கூழாங்கல். கடுகை மண்ணால் மூடவில்லை. முளை விடும்வரை ஈரத்துணி போர்த்தினோம். பிள்ளைகள் குவளையால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு அடித்துப் போகும், நீர் தேங்கினால் பூஞ்சை வரும். சலூன் கடை அண்ணன் இரவல் தந்த தண்ணீர் பீய்ச்சும் பாட்டில்கள் இரண்டும்தான் தோட்டத்தைக் காப்பாற்றின.

கோணலாக ஒட்டிய இலையை நேராக்கப் போன கையைப் பின்னால் இழுத்துக்கொண்ட பெற்றோருக்கும் தனியாக ஒரு நன்றி. அது சுலபமில்லை.

பாட்டில்களைக் கழுவி வைத்திருக்கிறோம், இந்த வாரமே கொண்டுவந்து தருகிறோம். தாய்மார் கொடுத்த பானைகள் மறைக்கல்வி அறையில் இருக்கின்றன. பிள்ளைகளின் உடுப்பில் பட்ட மஞ்சள் கறையைத் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள், மங்கிவிடும். வெங்காயக் கறைக்குத்தான் எங்களிடம் வழியில்லை.

அன்புடன்,
மறைக்கல்வி ஆசிரியர்கள்