மேடைக்கு ஆள் தேடாதீர்கள்: ஆட்சிக்குழுத் தலைவர் தேடல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேடல் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

நம் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவுக்குப் புதிய தலைவர் வேண்டும் என்று நீங்கள் வெளியிட்ட விளம்பரத்தை மூன்று முறை படித்துவிட்டேன். ‘சமுதாயத்தில் உயர்ந்த இடத்தில் இருப்பவர்’, ‘பரந்த தொடர்புகள் உடையவர்’, ‘தொலைநோக்கு கொண்டவர்’ என்றெல்லாம் இருக்கிறது. ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்குத் தலைமை தாங்க ஆள் தேடினாலும் இதே சொற்கள் போதும். வருகிறவர் என்ன வேலை செய்ய வேண்டும், அதற்கு மாதத்தில் எத்தனை நாள் போகும், யாரைக் கேள்வி கேட்க வேண்டியிருக்கும் என்று ஒரு வரி கூட இல்லை.

இங்கே வருவதற்கு முன் வேறொரு பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவில் ஆறு ஆண்டுகள் ஆசிரியர் பிரதிநிதியாக இருந்தேன். அந்த ஆறு ஆண்டில் இரண்டு தலைவர்களைப் பார்த்தேன். அந்த அனுபவம்தான் இதை எழுத வைக்கிறது.

முதலாமவர் பெரிய மனிதர். அவர் பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் தெரியும். நானூறு பக்கக் கூட்டக் கோப்பு இரண்டு நாள் முன்னால்தான் எங்கள் கைக்கு வரும். அதில் புதிய கட்டடத்துக்குக் கடன் வாங்கும் தீர்மானம் பதினெட்டாவது பொருளாக, மதிய உணவுக்குச் சற்று முன்னால் இருக்கும். துணைவேந்தர் ஐந்து நிமிடம் பேசுவார். தலைவர் மேசையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்து, “சரி, யாருக்கும் ஆட்சேபம் இல்லையே?” என்பார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அடுத்த பொருளுக்குப் போய்விடுவார். நடவடிக்கைக் குறிப்பில் ‘ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்று ஏறிவிடும். அந்தக் கடனுக்கு வட்டி கட்ட, பிற்பாடு இரண்டு துறைகளில் காலியிடங்களை நிரப்பாமல் விட்டார்கள். அப்போது பேசாமல் இருந்ததில் எனக்கும் பங்குண்டு, மறுக்கவில்லை.

இரண்டாமவர் ஓய்வுபெற்ற தணிக்கையாளர். வெளியில் யாருக்கும் தெரியாத பெயர். முதல் கூட்டத்திலேயே மாணவர் சேர்க்கை மதிப்பீட்டைக் காட்டி, “இந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது?” என்று கேட்டார். துணைவேந்தர் ஏதோ சொன்னார். “அது போன வருஷத்துக் கணக்கு. இந்த வருஷத்துக்கு என்ன ஆதாரம்?” என்று மறுபடி கேட்டார். குரல் உயரவில்லை, முகத்தில் கடுப்பும் இல்லை, பதிலுக்காகச் சும்மா காத்திருந்தார். அந்த அறையில் அவ்வளவு நேரம் யாரும் பேசாமல் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்த கூட்டத்துக்குக் கோப்பு பத்து நாள் முன்னால் வந்தது, அதுவும் நூற்றி இருபது பக்கத்தில்.

உங்களிடம் சொல்ல வந்தது இதுதான். தலைவரின் வேலையில் பெரும்பகுதி யாரும் பார்க்காத இடத்தில், துணைவேந்தரோடு தனியாக உட்கார்ந்து பேசும் பேச்சில் நடக்கிறது. கெட்ட செய்தி முதலில் வந்து சேர வேண்டிய காது அவருடையது. ‘இது வேண்டாம்’ என்று துணைவேந்தரிடம் சொல்லக்கூடிய முதல் ஆளும் அவர்தான். பட்டமளிப்பு விழாவில் அங்கி போட்டு நிற்பதை யார் வேண்டுமானாலும் பழகிக்கொள்ளலாம். நீங்கள் சோதிக்க வேண்டியது அந்தத் தனிப்பேச்சுக்கு ஆள் தாங்குவாரா என்பதை.

தாங்காதபோது என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் 2017-இல் துணைவேந்தரின் ஆண்டு ஊதியம் மொத்தம் 4,68,000 பவுண்டைத் தொட்டது. அந்த ஊதியத்தை முடிவு செய்த குழுவில் அவரே உறுப்பினர். குழுவைக் கண்டித்துப் பல்கலைக்கழகப் பேரவையில் ஒரு தீர்மானம் வந்தபோது, அவரும் ஊதியக் குழுவினரும் அதில் வாக்களித்தார்கள். தீர்மானம் சொற்ப வாக்கில் தோற்றது. பிறகு பல்கலைக்கழகங்களுக்கு நிதி வழங்கும் அமைப்பு விசாரித்து, அவர் அப்படி வாக்களித்தது தவறு என்று சொன்னது. துணைவேந்தரும் பதவி விலகுவதாக அறிவித்தார். ‘ஊதியக் குழுவில் நீங்கள் இருக்க வேண்டாம், அதைக் கண்டிக்கும் தீர்மானத்தில் வாக்களிக்கவும் வேண்டாம்’ என்று ஒருவர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் விஷயம் அவ்வளவு தூரம் போயிருக்காது. இதைச் சொல்ல மேதாவித்தனம் தேவையில்லை, கொஞ்சம் கூச்சமின்மை போதும்.

அதற்காக, துணைவேந்தரை விரட்டுவதே வேலை என்று நினைக்கிற ஒருவரைக் கொண்டுவந்துவிடாதீர்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆட்சிக்குழுத் தலைவரை ரெக்டர் என்பார்கள். 2012 ஜூனில் அன்றைய ரெக்டர் ஹெலன் டிராகஸ், முழுக் குழுவையும் கூட்டி விவாதிக்காமல் உறுப்பினர்களிடம் தனித்தனியாகப் பேசி, நம் துணைவேந்தருக்கு இணையான பல்கலைக்கழகத் தலைவர் தெரசா சல்லிவனைப் பதவி விலக வைத்தார். ஜூன் 10 அன்று அறிவிப்பு வந்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் கொதித்தெழுந்தார்கள். ஜூன் 26 அன்று அதே குழு கூடி சல்லிவனை ஒருமனதாகத் திரும்ப அமர்த்தியது. பதினாறு நாள்! கேட்க வேண்டிய கேள்விகளைக் கூட்டத்தில் வைத்துக் கேட்டிருந்தால், குறைந்தபட்சம் யார் எதற்காகப் போகிறார் என்பதாவது ஊருக்குத் தெரிந்திருக்கும்.

சரி, இப்படிப்பட்ட ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில், தேர்வு செய்யும் மேசையில் யார் உட்கார்வது என்பதைச் சரிசெய்யுங்கள். உங்கள் குழுவின் பட்டியலில் துணைவேந்தர் பெயர் இருக்கிறது, விடைபெறும் தலைவரின் பெயரும் இருக்கிறது. இருவர்மீதும் எனக்குத் தனிப்பட்ட மனக்குறை எதுவும் இல்லை. ஆனால் புதிய தலைவர்தான் ஆண்டுதோறும் துணைவேந்தரின் பணியை மதிப்பிடப்போகிறார். தன்னை மதிப்பிடப்போகிறவரைத் தானே பொறுக்கி எடுப்பது எந்த அலுவலகத்திலும் நடக்காது. விண்ணப்பதாரர்கள் அவரைச் சந்திக்கட்டும், அவர் தன் கருத்தை எழுதிக் கொடுக்கட்டும், வாக்கு மட்டும் வேண்டாம். விடைபெறும் தலைவரின் சிக்கல் வேறு. தன்னைப் போலவே இருக்கும் ஒருவரை அவருக்குப் பிடித்துப்போகும். அது மனித இயல்பு, குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் எழுந்தால் காலியாகும் இரண்டு நாற்காலியில் ஒன்றை ஊழியர் ஒருவருக்கும் மற்றொன்றை மாணவர் ஒருவருக்கும் கொடுங்கள்.

இது புரட்சி ஒன்றும் இல்லை. ஸ்காட்லாந்தில் 2016-ஆம் ஆண்டின் உயர்கல்வி ஆளுகைச் சட்டம் இதைக் கட்டாயமாகவே ஆக்கிவிட்டது. அங்கே தலைவரைத் தேடும் குழுவில் ஊழியரும் மாணவரும் இருந்தாக வேண்டும், பதவியைப் பரவலாக விளம்பரம் செய்தாக வேண்டும். நேர்காணலில் தேறியவர்கள் தேர்தலில் நிற்கிறார்கள். ஆட்சிக்குழுவினரோடு ஊழியர்களும் மாணவர்களும் வாக்களிக்கிறார்கள். ஒரே ஒருவர் மட்டும் களத்தில் இருந்தால் தேர்தல் நடத்த முடியாது. நேர்காணலுக்கு வருபவர்களின் செலவைப் பல்கலைக்கழகமே தர வேண்டும் என்றுகூட எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்தது அந்தச் சின்ன விதிதான், வசதி இல்லாதவரும் விண்ணப்பிப்பார் என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார்.

உடனே நீங்கள் கேட்பீர்கள்: அந்தச் சட்டம் இருக்கிற ஸ்காட்லாந்தில்தானே டண்டி பல்கலைக்கழகம் இருக்கிறது? நியாயமான கேள்வி. சுமார் 3.5 கோடி பவுண்டு பற்றாக்குறையில் அது தத்தளித்ததையும், பேராசிரியர் பமேலா கில்லிஸ் விசாரித்து 2025 ஜூனில் அறிக்கை கொடுத்ததையும் உயர்கல்வித் துறையில் இருப்பவர்கள் எல்லாரும் அறிவார்கள். மேலிடத்தைக் கேள்வி கேட்பது வரவேற்கப்படாத சூழல் அங்கே நிலவியதை அந்த அறிக்கை விரிவாகச் சொல்கிறது. அறிக்கை வந்ததும் ஆட்சிக்குழுவின் பொறுப்புத் தலைவர் உட்படச் சிலர் விலகினார்கள். ஆக, தேர்தல் வைத்தால் மட்டும் போதாது. வாக்காளர்கள் முன்னால் நன்றாகப் பேசுகிறவர், நிதி அதிகாரி முன்னால் வாயடைத்துப் போகலாம். அதனால்தான் நேர்காணலையே மாற்றச் சொல்கிறேன்.

இப்போதைய நேர்காணல் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். ‘பல்கலைக்கழகத்தைப் பற்றிய உங்கள் கனவு’ என்று பதினைந்து நிமிடப் பேச்சு, அப்புறம் ஆளுக்கொரு கேள்வி, தேநீர். இதில் மேடைப் பேச்சாளர்தான் ஜெயிப்பார். அதற்குப் பதிலாக, வரவு செலவு அறிக்கை ஒன்றைத் தயார் செய்யுங்கள். அதில் ஏதோ ஓரிடத்தில் ஓட்டை இருக்கட்டும். வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கை காரணமே இல்லாமல் இரட்டிப்பாவது போலவோ, பராமரிப்புச் செலவு சத்தமில்லாமல் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்பட்டது போலவோ. ஒரு மணி நேரம் கொடுத்துவிட்டு, துணைவேந்தராக நடிக்க அனுபவமுள்ள ஒருவரை எதிரில் உட்கார வையுங்கள். விண்ணப்பதாரர் ஓட்டையைப் பார்த்தாரா, பார்த்தபின் எப்படிக் கேட்டார், மழுப்பலான பதில் வந்ததும் விட்டுவிட்டாரா என்று கவனியுங்கள். அரை மணி நேரத்தில் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

பிறகு ஒரு மாதிரிக் கூட்டம். எட்டுப் பேர், ஒரு சிக்கலான பொருள், அதிகம் பேசும் ஒருவர், பேசத் தயங்கும் மாணவர் ஒருவர். தலைமை தாங்கச் சொல்லுங்கள். அந்த மாணவரிடம் எப்போது திரும்புகிறார் என்பதை நான் மிகவும் கூர்ந்து பார்ப்பேன்.

பரிந்துரைக் கடிதங்கள் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். நண்பர்கள் எழுதுவதை வாங்கி வைத்து என்ன பயன்? அவர் முன்பு தலைமை வகித்த இடத்தில் அவருக்குக் கீழே செயலதிகாரியாக இருந்தவரைத் தொலைபேசியில் பிடியுங்கள். ‘அவர் உங்களை எப்போது மறுத்தார், எப்படி மறுத்தார்?’ என்று கேளுங்கள். ‘மறுத்ததே இல்லை, தங்கமானவர்’ என்று பதில் வந்தால், மன்னிக்கவும், அவர் நமக்கு வேண்டாம்.

ஆள்தேடித் தரும் நிறுவனத்தை அமர்த்தியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். தவறில்லை. ஆனால் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அவர்கள் கையில் தயாராக இருக்கும் அதே பதினைந்து பெயரைத்தான் கொடுப்பார்கள். முன்னாள் நிறுவனத் தலைவர்களும் முன்னாள் உயரதிகாரிகளுமாக இருக்கும். மருத்துவமனை அறக்கட்டளை நடத்தியவர், கூட்டுறவுச் சங்கத்தை மீட்டெடுத்தவர், நீதிபதி, பொதுத்துறைத் தணிக்கையாளர் போன்றவர்களையும் தேடச் சொல்லுங்கள். பெருந்தொகை நன்கொடை தந்தவரைத் தலைவராக்கும் யோசனை இருந்தால் அதை இன்றே கைவிட்டுவிடுவது நல்லது. அவரிடம் கணக்குக் கேட்கவும் கூச்சமாக இருக்கும், அவர் சொல்வதற்கு மறுப்புச் சொல்லவும் கூச்சமாக இருக்கும்.

விளம்பரத்தில் நேரத்தை ஒளிக்காதீர்கள். முழுக் குழுக் கூட்டங்கள், துணைக்குழுக்கள், துணைவேந்தரோடு வாரம் ஒரு பேச்சு, விழாக்கள், நெருக்கடி வந்தால் இரவு பகலாகத் தொலைபேசி. எல்லாம் கூட்டினால் வாரத்துக்கு ஒரு நாளுக்குக் குறையாது. மதிப்பூதியம் உண்டா இல்லையா என்பதையும் போடுங்கள். ‘கௌரவப் பதவி’ என்று மட்டும் போட்டால் கௌரவத்துக்கு ஆசைப்படுகிறவர்கள்தான் வருவார்கள்.

தலைவரே துணைவேந்தராகவும் இருக்கும் ஏற்பாடுகள் உலகில் உண்டு என்று யாராவது வாதாடலாம். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் கவுன்சில் எனப்படும் ஆட்சிக்குழுவுக்குத் துணைவேந்தர்தான் தலைமை தாங்குகிறார். உண்மைதான். ஆனால் அங்கே கவுன்சிலுக்கும் மேலே ஆசிரியர்கள் நிறைந்த பேரவை இருக்கிறது, தேவைப்பட்டால் அது கவுன்சிலின் முடிவையே மாற்றிவிடும். நம்மிடம் அப்படி ஒன்று இல்லை.

இன்னொரு பக்கம், தன் தலைவரைத் தானே தேடிக்கொள்ளும் உரிமை எல்லாருக்கும் கிடைத்துவிடுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். இந்திய மேலாண்மைக் கழகங்களுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்தது. 2023-இல் சட்டத்தைத் திருத்தி, தலைவரை நியமிக்கும் அதிகாரத்தைப் அந்தக் கழகங்களின் ‘பார்வையாளர்’ (விசிட்டர்) என்ற பொறுப்பில் இருக்கும் குடியரசுத் தலைவரிடம் கொடுத்துவிட்டார்கள். நம் கையில் அந்த உரிமை இன்னும் இருக்கிறது. அதை நான்கு பேர் உணவு மேசையில் முடித்துவிட்டார்கள் என்ற பேச்சு வர விடாதீர்கள்.

கடைசியாக ஒரு சிறு விஷயம். புதியவர் வந்த அன்றே பழையவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டாம். இரண்டு மூன்று மாதம் கூட்டங்களில் பின் வரிசையில் உட்கார்ந்து பார்க்கப் புதியவருக்கு நேரம் கொடுங்கள். விடுதிகளையும் ஆய்வகங்களையும் துணைவேந்தர் அலுவலகத்து ஆள் துணைக்கு வராமல் அவர் சுற்றிப் பார்க்கட்டும்.

விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. விளம்பரத்தைத் திரும்பப் பெற்று, வேலை என்ன என்பதை எழுதி மறுபடி வெளியிட அது போதுமான அவகாசம். தேடல் குழுவிலிருந்து விலகுவது பற்றித் துணைவேந்தரும் விடைபெறும் தலைவரும் என்ன முடிவு எடுத்தார்கள் என்பதை, கல்விக்குழுவான செனட்டின் அடுத்த கூட்டத்துக்கு முன் தெரிவித்தால் நன்றாக இருக்கும். நான் மேலே சொன்ன ஓட்டை அறிக்கையைத் தயார் செய்ய ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள். எங்கள் துறையில் இருவர் இப்போதே தயாராக இருக்கிறார்கள்.

அன்புடன்,
ஓர் ஆசிரியர்